எள்ளும் கச்சானும் உடம்புக்குள் போய் என்ன ஆகின்றன? தாவர ஸ்டெரோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். விடியவே போய் நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் இருந்தால், கூப்பிடும்வரை பேச்சுத்தான். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் என்று தெரிந்த பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் கொலஸ்ட்ரோல் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அண்மையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவருக்கு லண்டனில் இருக்கும் மகள் ஒரு குளிசைப் போத்தல் அனுப்பியிருந்தாள். அதில் தாவர ஸ்டெரோல் என்று எழுதியிருந்தது. "மரக்கறியில் இருந்து எடுத்ததாம், பக்கவிளைவு இல்லையாம்" என்று சொல்லி மாமி கொலஸ்ட்ரோலுக்குக் கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. மனம் பதறிப்போனது. அவருக்கு நான் விளங்கப்படுத்தியதையும், வாங்கில் கேட்டவர்களுக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

"ரீச்சர், இந்தத் தாவர ஸ்டெரோல் எண்டால் என்ன?"

எங்கள் உடம்பில் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் கொலஸ்ட்ரோல் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சவ்வு உறுதியாக நிற்காது. மரஞ்செடிகளின் கலங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் அவை கொலஸ்ட்ரோலை நம்பியிருப்பதில்லை, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற வேறு மூலக்கூறுகளைச் செய்துகொள்கின்றன. அவைதான் தாவர ஸ்டெரோல்கள். நாம் சாப்பிடும் உணவில் கூடுதலாக இருப்பவை மூன்று: சிற்றோஸ்டெரோல், கம்பெஸ்டெரோல், ஸ்டிக்மாஸ்டெரோல்.

பெயர்களைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. கிரேக்க மொழியில் 'சிற்றோஸ்' என்றால் தானியம். கம்பெஸ்டெரோலுக்குப் பெயர் வந்தது கடுகுக்கு இனமான ஒரு செடியின் பெயரில் இருந்து. 'கொலஸ்ட்ரோல்' என்ற சொல்லில் இருக்கும் 'கொலே' பித்தத்தைக் குறிக்கும். முதலில் அதைப் பித்தப்பைக் கல்லில்தான் கண்டுபிடித்தார்கள். இந்தப் பித்தம் பின்னால் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருவத்தில் வேறுபாடு மிகச் சிறியது. கொலஸ்ட்ரோலின் வாலில் ஒரு காபன் அணு கூடினால் கம்பெஸ்டெரோல், இரண்டு கூடினால் சிற்றோஸ்டெரோல். அவ்வளவுதான். அந்த ஒன்றிரண்டு அணுவை எங்கள் குடல் அடையாளம் கண்டுகொள்கிறது. நான் இதை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். உடம்பு எவ்வளவு நுணுக்கமாக ஆள் பார்க்கிறது!

"தேங்காயில கொலஸ்ட்ரோல் இருக்குத்தானே? அதாலதானே பால்கறி வேண்டாம் எண்டு சொல்லுகினம்?"

வாங்கில் என்னிடம் கேட்ட கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். தேங்காயில் கணக்கெடுக்கக்கூடிய கொலஸ்ட்ரோல் இல்லை. எந்தத் தாவர உணவிலும் அப்படித்தான். மிருகங்கள், மீன், முட்டை, பால் இவற்றில்தான் கொலஸ்ட்ரோல் இருக்கிறது.

பிறகு ஏன் டொக்டர் தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொல்கிறார்? தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. அது கூடினால் எங்கள் ஈரல் இரத்தத்தில் இருந்து கெட்ட கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும், இரத்தத்தில் அளவு ஏறும். அதாவது தேங்காய் கொலஸ்ட்ரோலைக் கொண்டு வருவதில்லை, உள்ளே இருப்பதைத் தேங்க வைக்கிறது. தமிழில் 'கொழுப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது.

தேங்காயெண்ணெயில் தாவர ஸ்டெரோலும் குறைவுதான், 100 கிராமுக்கு ஏறக்குறைய 86 மில்லிகிராம். நல்லெண்ணெயில் அதே 100 கிராமுக்கு 865 மில்லிகிராம் வரை இருக்கும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு.

"சாப்பிட்ட பிறகு அது வயித்துக்க போய் என்ன செய்யும்?"

சரி, ஒரு மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, நல்லெண்ணெய் விட்டு வதக்கிய கத்தரிக்காய், ஒரு முட்டை. சோற்றின் தவிட்டிலும் பருப்பிலும் நல்லெண்ணெயிலும் தாவர ஸ்டெரோல் இருக்கிறது. முட்டை மஞ்சட்கருவில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் இருக்கிறது.

இரைப்பையில் இவை கலக்கப்படும், பெரிதாக ஒன்றும் மாறாது. சிறுகுடலுக்குப் போனதும்தான் வேலை தொடங்குகிறது. உணவில் உள்ள தாவர ஸ்டெரோலில் ஒரு பங்கு தனியாக இருக்கும், இன்னொரு பங்கு கொழுப்பமிலத்தோடு பிணைந்திருக்கும். கணையத்தில் இருந்து வரும் நொதியம் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். கொலஸ்ட்ரோலுக்கும் இதே வெட்டுத்தான்.

இப்போது ஒரு சிக்கல். ஸ்டெரோல்கள் தண்ணீரில் கரையாது, குடலுக்குள்ளோ எல்லாம் தண்ணீர். அப்படியே விட்டால் குடல் சுவரைத் தொடாமலே போய்விடும். அதற்குத்தான் ஈரல் பித்தத்தை அனுப்புகிறது. எண்ணெய்ச் சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும்போது எண்ணெய் பொடிப்பொடியாகப் பிரிந்து தண்ணீரோடு போகிறதல்லவா? பித்தத்தில் உள்ள உப்புகளும் அதைத்தான் செய்கின்றன. கொழுப்பையும் ஸ்டெரோலையும் சுற்றிப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய உருண்டைகளாக்கிவிடும். மைசெல் என்று அவற்றுக்குப் பெயர். குடல் சுவருக்குப் போக விரும்பும் எந்த ஸ்டெரோலும் இந்த உருண்டையில் ஏறித்தான் போகவேண்டும்.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் குறைவு, ஆட்கள் கூட. மைசெல்லிலும் இடம் மட்டுமட்டு. தாவர ஸ்டெரோல் ஏறி இருந்துவிட்டால் அந்த அளவுக்குக் கொலஸ்ட்ரோல் வெளியே நின்றுவிடும். ஏற முடியாத கொலஸ்ட்ரோல் திண்மமாகி, குடல் வழியே கீழே போய் மலத்தோடு வெளியேறும். தாவர ஸ்டெரோல் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்று சொல்வதன் முக்கிய காரணம் இதுதான். அது இரத்தத்துக்குள் போய்ச் சண்டை பிடிப்பதில்லை. குடலுக்குள்ளேயே, உடம்புக்கு உள்ளே போக முதலே, இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

"அப்ப பஸ்ஸில ஏறின ஸ்டெரோல் உள்ளுக்குப் போயிடும்தானே?"

போக முயற்சி செய்யும். ஆனால் குடல் விடாது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

குடல் சுவரின் கலங்களில் ஒரு வாசல் புரதம் இருக்கிறது. என்பிசி1எல்1 என்று பெயர். கொலஸ்ட்ரோல், தாவர ஸ்டெரோல் இரண்டையும் அது உள்ளே எடுக்கும். 2004ஆம் ஆண்டுதான் இதை அடையாளம் கண்டார்கள். எசெற்றிமைப் என்ற மருந்து இந்த வாசலைத்தான் அடைக்கிறது.

உள்ளே வந்தவற்றைத் தரம் பிரிக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, கலத்துக்குள் இருக்கும் ஒரு நொதியம். அது கொலஸ்ட்ரோலைப் பிடித்துக் கொழுப்பமிலத்தோடு இணைத்து, பயணத்துக்குப் பொதி கட்டிவிடும். தாவர ஸ்டெரோலை அது அவ்வளவாகத் தொடாது. அந்தக் கூடுதல் காபன் அணு அதற்குப் பொருந்தாது. பொதி கட்டாதது அப்படியே கலத்துக்குள் அலைந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது ஏற்பாடு, வெளியே தள்ளும் பம்பி. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரண்டு புரதங்கள் சோடியாகச் சேர்ந்தால்தான் இது வேலை செய்யும். அலைந்து திரியும் தாவர ஸ்டெரோலைப் பிடித்துத் திரும்பக் குடலுக்குள்ளேயே கொட்டிவிடும். வயலுக்குள் கூடிய தண்ணீரை வரம்பு வெட்டி வாய்க்காலுக்கே திருப்பி விடுகிறோமே, அந்த வேலை.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். குடலுக்கு வரும் கொலஸ்ட்ரோலில் பாதியளவு உறிஞ்சப்படுகிறது, ஆளுக்காள் கூடிக் குறையும். சிற்றோஸ்டெரோலில் 5 வீதத்துக்கும் குறைவுதான் உள்ளே போகிறது. கம்பெஸ்டெரோல் அதைவிடச் சற்றுக் கூட. வாலில் காபன் எவ்வளவு கூடுகிறதோ அந்தளவுக்குக் குடல் கடுமையாக மறுக்கிறது.

"உள்ளுக்குப் போன அந்தக் கொஞ்சத்துக்கு என்ன நடக்கும்?"

குடல் கலம் அதைக் கொழுப்போடு சேர்த்து நிணநீர்க் குழாய்க்குள் விடும். அது மேலேறி, கழுத்தடியில் நாளத்தோடு சேர்ந்து இரத்தத்துக்குள் வந்து, கடைசியில் ஈரலுக்குப் போய்ச் சேரும். ஈரலிலும் அதே பம்பிச் சோடி இருக்கிறது. அது தாவர ஸ்டெரோலைப் பித்தத்துக்குள் தள்ள, பித்தம் அதைத் திரும்பக் குடலுக்கே கொண்டு வந்துவிடும். முதல் தடுப்பில் தப்பியது இரண்டாம் தடுப்பில் அகப்படும்.

ஆகவே இரத்தத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலின் அளவோடு ஒப்பிட்டால் எல்லாத் தாவர ஸ்டெரோலும் சேர்ந்து ஒரு வீதம்கூட வராது. மனித உடம்பால் இதைச் செய்ய முடியாது என்பதால், இரத்தத்தில் இருக்கும் ஒவ்வொரு துளியும் வாயால் போனதுதான்.

உறிஞ்சப்படாத பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பக்டீரியாக்கள் அதில் ஒரு பங்கை வேறு உருவுக்கு மாற்றும். மிச்சம் அப்படியே போகும். இரண்டும் மலத்தோடு வெளியேறிவிடும்.

"நான் பிறந்ததில இருந்து சைவம், மச்சமே தொட்டதில்லை. எனக்கேன் கொலஸ்ட்ரோல் வந்தது?"

வாங்கில் இருந்து இதைக் கேட்ட வேறொரு அம்மாவின் குரலில் ஒரு வருத்தம் இருந்தது, ஏதோ தான் பிழை செய்துவிட்டது போல. அம்மா, நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. உடம்புக்குத் தேவையான கொலஸ்ட்ரோலை ஈரலும் மற்றக் கலங்களும் தாங்களே செய்துகொள்ளும். பரம்பரை, வயது, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, நிரம்பிய கொழுப்புக் கூடிய சாப்பாடு என்று பல காரணங்களால் அளவு ஏறலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மச்சம் சாப்பிடுபவருக்கே உணவில் இருந்து ஒரு நாளைக்குக் குடலுக்கு வரும் கொலஸ்ட்ரோல் 300 மில்லிகிராம் மட்டில்தான். பித்தத்தில் இருந்து அதே குடலுக்கு வருவது கிட்டத்தட்ட 1 கிராம், மூன்று மடங்கு. அந்தப் பித்தக் கொலஸ்ட்ரோலிலும் பாதியளவைக் குடல் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. தாவர ஸ்டெரோல் மைசெல்லில் இடம் பிடிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. அதனால் சைவக்காரருக்கும் அது பயன்படும்.

"எங்கட சாப்பாட்டில எதில கூட இருக்கு?"

முறிகண்டிப் பிள்ளையாரில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் பஸ் ஏறுபவர்கள் எத்தனை பேர்? அந்தக் கச்சானில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 220 மில்லிகிராம் தாவர ஸ்டெரோல் இருக்கிறது. 50 கிராம் சாப்பிட்டால் 110. உப்புப் போடாமல் வறுத்தது என்றால் பிரஷர்காரருக்கும் நல்லது.

எங்கள் உணவில் எள்ளுக்கு ஈடில்லை. 100 கிராம் எள்ளில் ஏறக்குறைய 700 மில்லிகிராம். 20 கிராம் எள்ளுப் பிடித்த உருண்டை ஒன்றில் 140 மில்லிகிராம் வரும், ஆனால் சீனியோ சர்க்கரையோ அதில் எவ்வளவு என்று நீரிழிவுக்காரர் பார்க்கவேண்டும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120 மில்லிகிராம் மட்டில் இருக்கும். செக்கில் ஆட்டியது என்றால் இன்னும் நல்லது, ஆலையில் சுத்திகரிக்கும்போது ஸ்டெரோலில் ஒரு பகுதி போய்விடும்.

உழுந்து, பயறு, கௌப்பி எல்லாவற்றிலும் இருக்கிறது, எள்ளளவுக்கு இல்லை. ஆனால் அவற்றின் நார் பித்த உப்பையும் பிடித்துக்கொண்டு வெளியே போகும். ஈரல் புதிதாகப் பித்த உப்புச் செய்ய இரத்தத்தில் இருந்து கொலஸ்ட்ரோலை எடுக்கவேண்டி வரும். அது தனி இலாபம்.

அரிசி பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நெல்லின் ஸ்டெரோல் முக்கியமாகத் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. தவிட்டெண்ணெயில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது அதனால்தான். எங்கள் வீட்டில் அப்பப்பா காலத்தில் மொட்டைக்கறுப்பன் குத்திச் சோறு காய்ச்சினார்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நிவாரணமாகக் கிடைத்த அரிசியையும் மாவையும் தின்று பழகி, ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் வெள்ளையரிசியே நின்றுவிட்டது. வயல் எங்களுடையது, நெல் எங்களுடையது, ஆலையில் தவிடு முழுக்கப் போக்கித் தீட்டி, அந்தத் தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, வெறும் மாப்பொருளை நாங்கள் சாப்பிடுகிறோம். முழுக்கத் தீட்டாமல் ஒரு தவிடு விட்டு எடுத்துத் தரும்படி ஆலையில் கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்டு எடுக்கிறேன்.

"இவ்வளவும் சாப்பிட்டால் கொலஸ்ட்ரோல் இறங்குமா?"

ஆய்வுகளில் கெட்ட கொலஸ்ட்ரோலை 8 முதல் 10 வீதம் வரை இறக்கிய அளவு நாளுக்கு ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம். சாதாரணச் சாப்பாட்டில் ஒருவருக்குக் கிடைப்பது 150 முதல் 400 மில்லிகிராம் வரை. நல்லெண்ணெயால் மட்டும் 2 கிராமை எட்டவேண்டுமானால் போத்தலில் மூன்றில் ஒரு பங்கைக் குடிக்கவேண்டும். அதில் ஒரு நாளைக்குரிய முழுச் சக்தியும் இருக்கும், உடம்பு பருத்துவிடும். கச்சான் என்றால் ஒரு கிலோவுக்குக் கிட்ட. அது நடக்காத காரியம். தயவுசெய்து யாரும் முயற்சி செய்யவேண்டாம்.

அதற்காகச் சாப்பாட்டில் உள்ள சிறிய அளவு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 2002இல் வெளிவந்த ஒரு ஆய்வில் சோள எண்ணெயில் இருந்து தாவர ஸ்டெரோலை மட்டும் நீக்கிவிட்டு ஆட்களுக்கு உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த உணவில் இருந்து கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. நீக்கிய ஸ்டெரோலில் 150 மில்லிகிராமைத் திரும்பச் சேர்த்தபோதே உறிஞ்சல் குறைந்தது. 150 மில்லிகிராம் என்பது ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் ஒரு சிறங்கைக்குக் குறைந்த கச்சானும். எங்கள் ஊர்ச் சாப்பாடு சத்தம் போடாமல் தினமும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

"சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் குடுக்கிறமே, அது கூடாதோ?"

இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 240 மில்லிகிராம் தாவர ஸ்டெரோல், முட்டையில் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல். இரண்டும் ஒன்றாகக் குடலுக்குப் போகின்றன, மைசெல்லில் இடத்துக்குப் போட்டி நடக்கும். ஸ்டெரோல் கணக்கில் பார்த்தால் பொருத்தமான சேர்க்கைதான். ஆரோக்கியமான பிள்ளைக்குச் சில நாட்கள் கொடுப்பதால் கொலஸ்ட்ரோல் பயம் வேண்டாம்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். பச்சை முட்டையால் சல்மொனெல்லா கிருமி தொற்றலாம். அவித்தோ பொரித்தோ கொடுங்கள். உழுத்தங்களிக்கு நல்லெண்ணெய் விடுவதை அப்படியே வைத்திருங்கள்.

"வெளிநாட்டில இருந்து வாற மாஜரினும் குளிசையும் நல்லதா?"

1995இல் பின்லாந்தில் பெனகொல் என்ற மாஜரின் வந்தது. அதில் இருப்பது ஸ்டனோல், தாவர ஸ்டெரோலை ஐதரசனேற்றிச் செய்தது. குடல் அதை ஸ்டெரோலைவிடவும் குறைவாகத்தான் உறிஞ்சும். அதற்குப் பிறகு பல கம்பனிகள் பால், யோகட், குளிசை என்று கொண்டு வந்தன. இது நேற்று வந்த எண்ணமும் இல்லை. 1950களின் தொடக்கத்திலேயே முதலில் கோழிகளிலும் பிறகு மனிதரிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

2 கிராம் உண்மையிலேயே இருக்கும் பொருள் என்றால் வேலை செய்யும். ஆனால் சாப்பாட்டோடு எடுக்கவேண்டும். வெறுவயிற்றில் எடுத்தால் பித்தம் போதியளவு குடலுக்கு வராது, மைசெல் அவ்வளவாக உருவாகாது, போட்டியும் பெரிதாக நடக்காது. எங்கள் மாமி காலமை எழும்பியதும் தேத்தண்ணியோடு எடுத்திருக்கிறார், அந்த மூன்று மாதக் குளிசையும் பெரிதாகப் பயன்பட்டிராது. ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் எடுப்பதால் மேலதிக பலன் இல்லை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கு இப்படிச் சேர்த்த பொருட்கள் ஏற்றதாக இராமல் போகலாம் என்று ஐரோப்பாவில் பெட்டியிலேயே எழுதவேண்டும் என்பது சட்டம்.

கூடிய அளவில் எடுப்பவர்களுக்குக் கரட், பூசணி, பப்பாசியில் உள்ள கரோட்டீன் உறிஞ்சப்படுவதும் கொஞ்சம் குறையும், அதுவும் அதே மைசெல்லில்தான் ஏறவேண்டும். முருங்கையிலை, பூசணிக்காய் ஒரு கறி கூடச் சேர்த்தால் சரிவரும். சாதாரணச் சாப்பாட்டில் இந்தப் பிரச்சினை இல்லை.

"அப்ப கிளினிக் குளிசையை விடலாமா?"

விடக்கூடாது. கொலஸ்ட்ரோலுக்குக் கிளினிக்கில் தரும் ஸ்டட்டின் குளிசை ஈரலில் கொலஸ்ட்ரோல் செய்யப்படுவதைக் குறைக்கிறது. தாவர ஸ்டெரோல் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் நடக்கும் வேலை, ஒன்று மற்றதன் இடத்தை எடுக்காது. சேர்த்து எடுத்தால் இரண்டின் பலனும் ஒன்றோடொன்று சேரும்.

தாவர ஸ்டெரோலை மட்டும் நம்பினால் என்ன நடக்கும்? குடலில் இருந்து வரத்துக் குறைந்ததைக் கண்டு ஈரல் தன் உற்பத்தியைக் கொஞ்சம் கூட்டிவிடும். பத்து வீதத்தோடு நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டட்டின் கெட்ட கொலஸ்ட்ரோலை 30 வீதத்துக்கு மேல் இறக்கும். மாரடைப்பைக் குறைக்கிறது என்று பல்லாயிரம் பேரில் சோதித்து நிரூபித்தது ஸ்டட்டினைத்தான். தாவர ஸ்டெரோல் சேர்த்த பொருளுக்கு அப்படியொரு நிரூபணம் இல்லை. நெஞ்சுக்குத்து வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், நீரிழிவுக்காரர் யாராக இருந்தாலும், குளிசை ஒத்துவரவில்லை என்றால் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் மாற்றித் தருவார். வீட்டில் இருந்து முடிவெடுக்க வேண்டாம்.

"உடம்பு தள்ளிவிடாமல் தேங்கினால்?"

அப்படி ஒரு நோய் இருக்கிறது, மிக அரிது. சிற்றோஸ்டெரோலீமியா. 1974இல் இரண்டு சகோதரிகளில் முதலில் விபரித்தார்கள். நான் மேலே சொன்ன பம்பிச் சோடியில் ஒன்றின் பரம்பரையலகு பழுதானால் இது வரும். இந்தப் பரம்பரையலகுகளை 2000ஆம் ஆண்டளவில்தான் கண்டுபிடித்தார்கள், சொல்லப்போனால் அந்த நோயாளிகளால்தான் பம்பி இருப்பதே தெரியவந்தது. குடலும் தள்ளாது, ஈரலும் தள்ளாது. இரத்தத்தில் தாவர ஸ்டெரோல் சாதாரண அளவைப் போல் பல பத்து மடங்கு ஏறிவிடும். குதிக்கால் தசைநாரிலும் முழங்கையிலும் மஞ்சளாகக் கொழுப்புக் கட்டிகள் வரும், சின்ன வயதிலேயே இருதயக் குழாய்கள் அடைபடலாம், குருதிச் சிறுதட்டுகள் குறையலாம்.

தாயிடம் இருந்தும் தகப்பனிடம் இருந்தும் பழுதான அலகு ஒவ்வொன்று வந்தால்தான் நோய் வரும். எங்கள் பக்கத்தில் மச்சான் மச்சாள் கலியாணம் வழமை என்பதால் இதைச் சொல்கிறேன், சொந்தத்துக்குள் முடிக்கும்போது ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்புக் கூட. பிள்ளைக்கு அப்படிக் கட்டிகளைக் கண்டால் தடவிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வழமையான இரத்தப் பரிசோதனை கொலஸ்ட்ரோலையும் தாவர ஸ்டெரோலையும் பிரித்துக் காட்டாது, விசேட பரிசோதனை வேண்டும். இவர்களுக்கு எசெற்றிமைப் நன்றாக உதவும். எள்ளு, கச்சான், நல்லெண்ணெய் எல்லாம் இவர்களுக்கு மட்டும் கூடாது. சிப்பியும் மட்டியும்கூட. அவை கடற்பாசிகளைத் தின்பதால் கொலஸ்ட்ரோல் அல்லாத வேறு ஸ்டெரோல்களும் அவற்றின் உடம்பில் இருக்கும்.

மற்ற எல்லோருக்கும் உணவில் இருக்கும் அளவு தேங்காது.

"ஸ்டெரோல் எண்டால் ஸ்டீரொயிட்தானே? ஆம்பிளைப் பிள்ளையளுக்கு ஓமோனை மாத்துமா?"

மாற்றாது. எங்கள் உடம்பு ஓமோன் செய்வது கொலஸ்ட்ரோலில் இருந்துதான். தாவர ஸ்டெரோல் உள்ளே நிற்பதே கொஞ்சம். ஆய்வுகூடத்தில் கதை வேறு. அமெரிக்காவில் பேர்சி ஜூலியன் என்ற கறுப்பின விஞ்ஞானி 1940இல் சோயாவில் இருந்து எடுத்த ஸ்டிக்மாஸ்டெரோலைக் கொண்டு புரொஜெஸ்டரோன் ஓமோனைப் பெருமளவில் செய்து காட்டினார். எங்கள் குடலில் அந்த வேலை நடக்காது.

"வடை சுட்ட எண்ணெயைத் திருப்பிப் பாவிக்கலாமா?"

தாளிப்பு, வதக்கல் என்றால் ஸ்டெரோல் பெரும்பாலும் தாங்கும். அதே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்தால் ஸ்டெரோல் ஒட்சியேறிக் கெடும், எண்ணெயும் கெடும். கறுத்த எண்ணெயை ஊற்றிவிடுங்கள்.

"சாப்பாட்டை மாத்தினால் எத்தனை நாளில ரிப்போட்டில தெரியும்?"

2 கிராம் அளவில் ஒழுங்காகச் சாப்பாட்டோடு எடுத்தவர்களில் இரண்டு மூன்று கிழமையில் மாற்றம் தெரிந்திருக்கிறது. நிறுத்தினால் சில கிழமைகளிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும், உடம்பு அதைச் சேமித்து வைப்பதில்லை. வெள்ளையரிசியைச் சிவப்பரிசியாக்கி, பின்னேரம் பிஸ்கட்டுக்குப் பதில் கச்சான் சாப்பிட்டு, பால்கறியைக் கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைத்தவருக்கு அடுத்த மூன்று மாத ரிப்போட்டில் பார்க்கலாம். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் சமைக்கிறேன், கத்தரிக்காய்க்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி, இரவு ஸ்டட்டின் ஒன்று. மாமியும் போன கிழமை கிளினிக்கில் குளிசையைத் திரும்பத் தொடங்கிவிட்டார். லண்டன் போத்தலில் மிச்சம் இருப்பதை மத்தியானச் சோற்றோடு எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டிருக்கிறார், எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.